குழாய்ப் பள்ளத்தை மிதித்தவர்

"உப்பைக் குறைக்கணும்மா. சோத்துல மட்டுமில்ல, குடிக்கிற தண்ணியிலயும்" என்றார் பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர்.

அக்கா சிரித்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. உப்பளத்து நீரில் நின்று நின்று வெடித்த குதிகால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "எங்க சார் குறைக்கிறது? ஊரே உப்புல தான் நிக்குது" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவள் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. அக்காவின் வீட்டுக்காரரும் நானும் அந்தக் குழி தூர்ந்து மேலே வருமென்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது, ரத்த அழுத்தமும் ஏறிக் கிடக்கிறது, நல்ல தண்ணீர் கிடைத்தால் இன்னும் பல வருஷம் ஓட்டலாம், கிடைக்காவிட்டால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் சொன்னதில் மாமாவின் காதில் விழுந்தது ஒரே வார்த்தை.

"நல்ல தண்ணி" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "நல்ல தண்ணி தான மச்சான் கேக்குறாரு? ஊசியா கேட்டாரு, மாத்திரையா கேட்டாரு?"

சுனாமி அலை வந்து போன மறு வருஷம் அது. மரக்காணத்துக்குத் தெற்கே, அனுமந்தைக்கு இந்தப் பக்கம், உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். மேற்கே ஈ.சி.ஆர். ரோடு, ரோட்டிலிருந்து ஊருக்கு உப்புப் பாத்திகளின் நடுவே ஒரு வரப்பு. அலைக்கு முன்பே கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கும். அலை கிணற்றுக்குள் இறங்கி ஏறிய பிறகு அதைக் கிணறு என்று சொல்லவே வாய் கூசியது. முதல் மாதங்களில் லாரிகள் வந்தன. லாரியில் தண்ணீர் வந்தது, பிஸ்கட் வந்தது, கேமரா வந்தது. பிறகு கேமரா வரவில்லை, பிஸ்கட் வரவில்லை, கடைசியில் தண்ணீரும் வரவில்லை. மாமா விடியும்போதே சைக்கிளின் இரு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்க் கொல்லைகளில் ஓடும் மோட்டாரில் பிடித்து வருவார். மோட்டார் ஓடாத நாளில் காலிக் குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் வரப்பின் மறுகோடியிலேயே கேட்டுவிடும். அக்கா கிணற்றில் கயிற்றை இறக்கிவிடுவாள்.

நான் அப்போது பாண்டியில் ஒரு குழாய்க் கடையில் கவுன்ட்டரில் நின்றேன். பி.வி.சி. குழாய், எல்போ, வால்வு, ஒட்டுப் பசை. ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாத பிறவி நான். கடையில் நின்றால் கவிதை இழுக்கும், எழுத உட்கார்ந்தால் ரோடு இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இடையஞ்சாவடி வீட்டில் என் மனைவி கேட்பதற்கு முன்பே செருப்பை மாட்டியிருப்பேன். பஸ்ஸில் வடக்கே போனால் கூனிமேடு தாண்டியதும் காற்றின் ருசி மாறும். உதட்டை நக்கினால் அக்காவின் ஊர் வந்துவிட்டது என்று தெரியும்.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு, ரோட்டோரம் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. ரோட்டுக்கு மேற்கே போர் போட்டு, டேங்க் கட்டி, வரப்பு வழியே ஊருக்குக் குழாய் வரப்போகிறது என்றார்கள். அக்கா அன்று பேசிய பேச்சு முழுக்கக் குழாய்தான். தன் வீட்டு வாசலில் எந்தப் பக்கம் குழாய் வைப்பது, பக்கத்து வீட்டுக்காரி தன் பக்கம் இழுத்துவிட்டால் என்ன செய்வது என்று வராத தண்ணீருக்கு அவள் சண்டையைத் தொடங்கியாகிவிட்டது.

வேலைதான் தொடங்கவில்லை. குழாய்கள் வெயிலில் கிடந்தன. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. உப்பளத்து வெயில் மேலேயிருந்து மட்டும் அடிப்பதில்லை. வெள்ளை வெளேரென்ற குவியல்களில் பட்டு பக்கவாட்டிலும் அடிக்கும். கடையில் குழாயை நிழலில்தான் வைப்போம், முதலாளி அதில் கண்டிப்பு. இங்கே மேலே கிடந்த குழாய்கள் வெளுத்து, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் ஒட்டியது. புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் மட்டும் பழைய சாம்பல் நிறம். ஆடியில் ஒருவழியாக வந்து சேர்ந்த கான்ட்ராக்ட் மேஸ்திரியிடம் சொன்னேன்.

"ரொம்ப வெயில்ல கெடந்துட்டுதே. ஒரு தார்ப்பாயாவது போட்டு மூடியிருக்கலாமே?"

"இன்னா சார், குழாய்க்கு பவுடர் போட்டு குடை புடிக்கணுமா? பொண்ணு பாக்கவா வர்றாங்க?" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். மண்ணுக்குள் போகிற பொருளுக்கு நிறம் எதற்கு என்று அவருக்கும் தோன்றியிருக்கும்.

பள்ளம் தோண்ட வெளியாட்கள் வந்து, ஒரே வாரத்தில் உப்புத் தண்ணீரில் கால் அரித்து ஓடிப்போனார்கள். பிறகு உப்பளத்து ஆட்களையே மேஸ்திரி கூப்பிட்டார். உப்பு வாருவதில் மாமா ஒரு கூட்டத்துக்கு முன்னால் நிற்பவர். அந்தக் கூட்டத்தோடு இறங்கினார். குழாய்களை ஒட்டுவது மேஸ்திரியின் ஆட்கள். தோண்டுவதும் மூடுவதும் இவர்கள். குழாய்க்கு அடியிலும் மேலும் போடுவதற்கென்று லாரியில் மணல் வந்து வரப்போரம் கொட்டியிருந்தது. மேஸ்திரி அதைக் கையால் காட்டி, "கொஞ்சம் அடியில, கொஞ்சம் மேல போட்டு மூடிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊர் வேலையைப் பார்க்க வண்டியை முறுக்கினார்.

மாமா மணலை ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் ஒழுகவிட்டார்.

"இதையா போடச் சொல்றான்? மணல்ல தண்ணி நிக்குமா?"

இந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொள்ள உப்பளத்தில் பிறந்திருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்ததும் பாத்தி மிதிப்பார்கள். மழையில் குழம்பிப்போன தரையில் களிமண்ணைப் பரப்பி, நீர் தெளித்து, ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று வெறுங்காலால் மிதித்துக்கொண்டே போவார்கள், வருவார்கள். முதலில் கால் சளக் சளக்கென்று புதையும். நாள் போகப்போக அந்தச் சத்தம் வற்றும். கடைசியில் குதிகால் பட்டால் பலகையில் தட்டுவதுபோல் கேட்கும். அப்புறம்தான் கடல்நீரை உள்ளே விடுவார்கள். ஒரு சொட்டு கீழே இறங்காது. கவனிக்காமல் எங்காவது மணல் கலந்துவிட்டால் போச்சு. பாத்தி நீரைக் குடித்துவிடும், அந்தப் பருவத்து உழைப்பு பூமிக்குள் போய்விடும். 'மணல்பாத்தி' என்றால் அங்கே வசவு. எதைக் கொடுத்தாலும் கையில் நிற்காதவனை அப்படிச் சொல்வார்கள். மாமா என்னைப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

ஆக, அந்த மனிதர்களுக்குத் தண்ணீரைக் காப்பது களிமண், தண்ணீரைத் திருடுவது மணல். பரம்பரையாகக் காலில் ஏறிய பாடம். பெண்டாட்டி குடிக்கப்போகிற தண்ணீரைத் திருடனின் கையில் கொடுப்பாரா மாமா? மணலை ஒதுக்கி வைத்தார்கள். அந்த வாரத்திலேயே அது வாசல்களுக்கும் புதிதாகக் கட்டிய வீடுகளின் தரைக்கும் போய்விட்டது. பழைய பாத்தி ஒன்றை வெட்டி, நல்ல களிமண்ணாகப் பார்த்து எடுத்து வந்தார்கள். குழாய்க்கு அடியில் களிமண், பக்கத்தில் களிமண், மேலே களிமண். "குழாய் எங்கனா ஒழுகினாலும் மண்ணு ஒழுக விடாது பாரு" என்று மாமா எல்லோருக்கும் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அதற்குமுன் நான் கண்டதில்லை.

மிதித்த நாளில் நான் அங்கே இருந்தேன். குழாயைக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து விற்றவனே தவிர, அதை மண்ணில் வைப்பதை அதுவரை பார்த்ததில்லை. பள்ளத்தின் மேல் ஒரு மனித வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. புடவையை ஏற்றிச் செருகிய பெண்கள், லுங்கியை மடித்துக் கட்டிய ஆண்கள், எல்லோருக்கும் முழங்கால் வரை ஒரே கருப்பு. அழகாயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெருங்கூட்டத்தின் ஒரே நடை. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வந்த நாரைகள் அதற்குப் பயப்படாமல் அடுத்த பாத்தியில் நின்றன.

அக்காவும் இறங்கப் பார்த்தாள். கால் வீங்கியவளை யாரும் விடவில்லை. வரப்பில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே அதட்டினாள்.

"யோவ், அந்த வளைவுல ஒழுங்கா மிதி. நான் குடிக்கப் போற தண்ணி!"

"ஒனக்குன்னு தான் மிதிக்கிறேன், சும்மா இரு புள்ள."

"எனக்குன்னா இன்னும் ரெண்டு மிதி சேத்து மிதி."

வரிசை முழுக்கச் சிரித்தது. மாமா ஒற்றையாகத் திரும்பி வந்து, வளைவில் ஓங்கி ஓங்கி மிதித்தார். குழாய் ஒரு சாண் கீழே இருந்தது.

தண்ணீர் விட்டுச் சோதித்துப் பார்த்த பிறகு மூட வேண்டும் என்பது முறை. மூட்டுகளையாவது திறந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பந்தல் போட ஆள் வந்துவிட்டார்கள். சோதனையும் திறப்பும் ஒரே காலையில் நடந்தன. வாசல் குழாயில் முதலில் காற்று சீறியது. பிறகு சிவந்த நீர். பிறகு, நல்ல தண்ணீர்.

அந்த நாலைந்து மாதங்களை நான் பொய்யென்று சொல்ல மாட்டேன். அக்காவின் அடுப்பில் பருப்பு வெந்தது. அலைக்குப் பிறகு பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். டீயில் பால் திரியவில்லை. தலையில் தேய்த்த சீயக்காய் தலையை விட்டுப் போனது. டாக்டர் மறுபடி விரலை அழுத்தி எடுத்தபோது குழி, மெதுவாகத்தான் என்றாலும், மேலே வந்தது. "இன்னா மருந்து எடுத்தீங்க?" என்று நர்சம்மா கேட்டதற்கு அக்கா மாமாவைக் காட்டி, "இவரு கால் தாம்மா" என்றாள். நர்சம்மாவுக்குப் புரியவில்லை. மாமா வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வரப்பு எங்கே பாத்தி எங்கே என்று தெரியாத மழை. மணல் என்றால் நீர் வரும், போகும். அது பாட்டுக்கு இருக்கும். களிமண் குடிக்கும். குடித்து உப்பும். உப்பிய மண்ணுக்கு நடுவே கிடக்கும் குழாயை அது சும்மா விடாது, எட்டித் தள்ளும். மழை விட்டு வெயில் வந்ததும் அதே மண் சுருங்கும், பிளக்கும், பிளக்கும்போது ஒட்டியதைப் பிடித்து இழுத்துக்கொண்டே பிளக்கும். தை கடைசியில் அந்தப் பள்ளத்தின் மேல் சைக்கிள் சக்கரம் இறங்கும் அளவுக்கு வெடிப்புகள் ஓடின. இதெல்லாம் இப்போது எழுதும்போது வரிசையாக வருகிறது. அன்றைக்கு யார் பூமிக்கடியில் பார்த்தார்கள்?

மாசியில் ஒரு ஞாயிறு போனேன். அக்காவின் முகம் ஊதியிருந்தது. இமைகள் பாதி மூடியதுபோல் கனத்துக் கிடந்தன. டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரில் பால் திப்பி திப்பியாக மிதந்தது.

"பால் கெட்டுப்போச்சுடா" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

வாசலுக்குப் போய்க் குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்தேன். நாக்கின் ஓரத்தில் பிடித்தது.

"மாமா, தண்ணி கரிக்குது."

"மழைக்கு தண்ணி அப்படித் தான் மாறும் மச்சான். கொஞ்ச நாள்ல சரியாப் பூடும்."

"ஆமாடா" என்றாள் அக்கா சட்டென்று. "ஒனக்கு பாண்டி நாக்கு ஆயிப்போச்சு. எங்களுக்கு ஒண்ணும் தெரியல."

அவள் குரலில் இருந்த அவசரத்தை நான் கவனித்தேன். என்னவென்று பிடிபடவில்லை.

பங்குனி பிறந்ததும் ஊரின் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் வருவது நின்றது. பிறகு நடு ஊருக்கு. டேங்கில் ஏற்றிய தண்ணீரில் பாதி வழியிலேயே எங்கோ காணாமல் போயிற்று. ஊர் சேர்ந்து போய்க் கத்திய பிறகு, குடிநீர் ஆபீஸிலிருந்து இளவயது என்ஜினியர் ஒருவர் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வளைவில்தான் முதலில் தோண்டினார்கள். கடப்பாரை உள்ளே போகாமல் துள்ளியது.

"இன்னாய்யா இது, ரோடா?" என்றார் என்ஜினியர்.

மாமா லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "நாங்க தான் சார் மிதிச்சோம். பாத்தி மாதிரி."

குழாய் வெளியே தெரிந்தது. மேல்பக்கம் பார்க்க ஒன்றுமில்லை. என்ஜினியர் உட்கார்ந்து அடிப்பக்கம் கையை விட்டுத் தடவி, மண்ணை மேலும் எடுக்கச் சொன்னார். அடியில் காய்ந்து கல்லாகிய களிமண் கட்டி ஒன்று, ஓரத்தில் கிளிஞ்சல் பதிந்து, குழாயின் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அடுத்த மூட்டில் குழாய் ஒரு விரலளவு கழன்று வந்திருந்தது. வீட்டுக்குப் பிரியும் இடத்தில் பூட்டிய இரும்புப் பட்டையின் போல்ட்டைத் தொட்டபோது அது பிஸ்கட் போல உதிர்ந்தது.

"மணல் எங்க?"

மேஸ்திரி மாமாவைப் பார்த்தார்.

"அடியில மணல் போடணும்னு சொல்லலையா? களிமண்ணைப் போட்டு மிதிச்சா குழாய் ஒடையாம இன்னா பண்ணும்? உப்பு மண்ணு வேற. யாருய்யா போடச் சொன்னது?"

"நான் மணலைக் காட்டிச் சொன்னேன் சார், இவங்க தான்..." என்று மேஸ்திரி தொடங்கினார்.

"சொல்லிட்டு நின்னு பாத்தீங்களா?" என்றேன் நான். "சித்திரையில இருந்து வெயில்ல கெடந்த குழாய். வெளுத்துப்போனதை நானே காட்டினேன், பவுடர் போடணுமான்னு கேட்டீங்க. டெஸ்ட் பண்ணாம மூடினது யாரு? ஒட்டும்போது முனையைத் துடைச்சாங்களா? ஈரத்துல ஒட்டினா நிக்குமா?"

"நீங்க யாரு?" என்றார் என்ஜினியர்.

"குழாய்க் கடையில..."

"சரி, சரி." அவர் கோபமாக இல்லை, களைத்திருந்தார். இதேபோல் வேறு ஊர்களிலும் தோண்டிவிட்டு வந்திருப்பார் போல. "எல்லாம் தான். வெயிலும் தான், அவசரமும் தான், இதுவும் தான். மோட்டார் ஓடுறப்ப தண்ணி வெளிய போவுது. நிறுத்தினா குழாய் காலியாவும், சுத்தி இருக்கிற தண்ணிய உள்ள இழுக்கும். சுத்தி இருக்கிறது இன்னா? உப்பளம். அதைத் தான் குடிச்சிருக்காங்க, மழையில இருந்து."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மாமாவின் காதில் விழுந்தது களிமண் ஒன்றுதான். டாக்டர் பேசியபோது நடந்தது போலவே. உட்கார்ந்து அந்தக் களிமண் கட்டியைக் குழாயின் வயிற்றிலிருந்து நகத்தால் பெயர்த்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பள்ளத்தின் மேல் ஊர்ப் பெண்கள் நின்றார்கள். அவர்களில் அக்கா இல்லை.

பழுது பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். வரப்பு முழுக்கத் தோண்டிப் புதிதாகப் போட வேண்டும், அதற்கு இப்போது வழியில்லை என்றார்கள். ரோட்டோரம் டேங்குக்கு அடியில் ஒரு குழாயை வைத்து, ஊருக்குப் போகும் வால்வை மூடினார்கள். ஊர் மறுபடி சைக்கிளும் குடமுமாக நடக்கத் தொடங்கியது.

அக்காவை நான் இடையஞ்சாவடிக்கு அழைத்து வந்தேன். செம்மண் ஊர், ஆழத்து நீர், தேங்காய்த் தண்ணீர் போலிருக்கும் என்று வந்தவர்கள் சொல்வார்கள். மாமா வரவில்லை. உப்பு வாரும் பருவம், கூட்டத்தை விட்டு வர முடியாது என்றார். அது பாதி உண்மை. மீதியை ஊருக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார்: வேலை முடிந்ததும் மாமா கடப்பாரையோடு வரப்புக்குப் போகிறார், ஒற்றை ஆளாகக் களிமண்ணைப் பெயர்க்கிறார். மிதித்தவரே தோண்ட முடியாத அளவுக்கு மிதித்திருந்தார். ஒரு முழம் பெயர்க்க ஒரு சாயங்காலம் போயிற்று. ஆபீஸ் ஆள் வந்து, பொதுச் சொத்தில் கை வைக்காதே என்று விரட்டிய பிறகும் போனாராம்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. குடித்தால் தாகம் அடங்கவில்லை என்றாள். ஒருநாள் என் மனைவி என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒங்க அக்கா சொம்புல கல்லு உப்பு போட்டுக் குடிக்கிறாங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

அக்காவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"சப்புன்னு இருக்குதுடா. செத்த தண்ணி மாதிரி. ஒரு கல்லு போட்டா தான் தொண்டையில எறங்குது."

"ஒன் ஒடம்புக்கு இன்னா ஆவும்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியாமயா?" முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குழாத் தண்ணி கரிச்சது எனக்கு மார்கழியிலயே தெரியும்டா. ஊருல மொதல்ல எனக்குத் தான் தெரிஞ்சுது. உப்பில்லாம தின்னுக்கிட்டு இருந்த நாக்கு, ஒரு பொட்டு விழுந்தாலும் தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல? மார்கழியில இருந்து அதையா குடிச்ச?"

"அவரு மிதிச்சதுடா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் திட்டினேன், நிறையத் திட்டினேன். அவள் கோழியை விரட்ட எழுந்து போய்விட்டாள். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனியில் மறுபடி பாண்டி ஆஸ்பத்திரி. இந்த முறை கட்டிலோடு. மூத்திரம் நின்றுபோயிருந்தது. இப்போது டாக்டர் வேறு கணக்கு சொன்னார்: தண்ணீரையே அளந்துதான் கொடுக்க வேண்டும், ஒரு சின்ன டம்ளர், அதற்குமேல் உள்ளே போனால் நெஞ்சில் ஏறும். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா நாள் முழுக்க உதட்டை நனைத்துக்கொண்டே கிடந்தாள்.

மாமா ஒரு பாட்டிலோடு வந்தார். உள்ளங்கை இரண்டும் கடப்பாரையில் உரிந்து, உப்பு பட்டு வெள்ளையாக இருந்தன. கட்டிலோரம் உட்கார்ந்து, "குழா சரி பண்ணிட்டாங்க புள்ள" என்றார். "மணல் போட்டு, எல்லாம் புதுசு. நம்ம வாசல்ல புடிச்சாந்தேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நர்சம்மா கொடுத்த சின்ன டம்ளரில் ஊற்றினார். அக்கா ஒரு வாய் வாங்கி, விழுங்காமல் நாக்கில் புரட்டினாள்.

"ரோட்டாண்ட டேங்குத் தண்ணி மாதிரி இருக்குதுய்யா."

"டேங்குல இருந்து தான நம்ம வாசலுக்கு வருது."

"அதுவும் சரி தான்." விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். "இந்தவாட்டி யாரு மிதிச்சது?"

"யாரும் மிதிக்கல புள்ள. சும்மா மண்ணைத் தள்ளி மூடிட்டாங்க."

"ம். அப்படியே உடு. மேல நடக்காத."

டம்ளரில் மீதி இருந்தது. நர்சம்மா போதும் என்று வாங்கிக்கொண்டார். பாட்டில் கட்டிலுக்கு அடியில் அப்படியே நின்றது. அந்த மாதமே அக்கா போய்விட்டாள்.

ஊருக்குக் கொண்டுபோய் எடுத்தோம். எல்லாம் முடிந்து, நானும் மாமாவும் வரப்பு வழியே ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். அவர் தோண்டிய இடங்கள் அங்கங்கே வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. குழாய் வெயிலில் தெரிந்தது. இரண்டு பக்கமும் பாத்திகளில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். மாமாவைப் பார்த்ததும் பலகையை நிறுத்தினார்கள், பிறகு குனிந்துகொண்டார்கள்.

பஸ் நிற்கும் இடத்தில் மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மச்சான்."

"இன்னா மாமா?"

"அவ தெரியாமத் தான குடிச்சா?"

நான் ரோட்டைப் பார்த்தேன். பஸ் வரவில்லை.

"தெரிஞ்சிருந்தா கத்தியிருப்பா" என்றார் அவரே. "வளைவுல ரெண்டு மிதி கொறைஞ்சதுக்கே அந்தக் கத்து கத்தினவ. அடக்கி வெக்கத் தெரியாது அவளுக்கு."

"ஆமா மாமா" என்றேன். "தெரிஞ்சிருந்தா அக்கா சொல்லியிருக்கும்."

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப சரி" என்றார்.